நெருப்பு எரித்த கம்பமும் நிலத்தின் விலையும்

குடியிருக்க ஒரு நல்ல வீடு என்பது உழைக்கும் மக்களின் முதல் கனவு. சிங்கப்பூரில் அந்தக் கனவு எப்படி நனவானது? "வீவக கட்டிக் கொடுத்தது" என்று இளைய தலைமுறை எளிதாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பெருந்தீயும் ஒரு சட்டத் திருத்தமும் உள்ளன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரில் கடும் இடநெருக்கடி. கடைவீடுகளின் மாடிகளைப் பலகையால் தடுத்து, ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அங்கும் இடம் கிடைக்காத ஏழைகள் நகரின் ஓரங்களில் மரப்பலகையும் அத்தாப்புக் கூரையும் கொண்ட வீடுகளில் குடியேறினார்கள். அப்படி வளர்ந்த ஒன்றுதான் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பம். வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லை. சந்துகளோ குறுகலானவை. நிலம் வேறொருவருக்குச் சொந்தம்.

1927இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகளே. யானைப் பசிக்குச் சோளப்பொரி! அதன் பொறுப்பை 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்றது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர்.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள், பொது விடுமுறை. பிற்பகலில் மூண்ட தீ காற்றோடு சேர்ந்து கூரைக்குக் கூரை தாவியது. தண்ணீர்க் குழாய்களில் போதிய அழுத்தம் இல்லை. இரவுக்குள் கம்பம் சாம்பலானது. 4 பேர் மாண்டனர். சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். பள்ளிக்கூடங்களே அவர்களுக்குப் புகலிடம் ஆயின.

இங்கே சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. குடிசைகள் நிறைந்த நிலத்திற்கு விலை குறைவு. குடியிருப்பவர்களை எழுப்புவது எளிதல்ல என்பதே காரணம். தீ அவர்களை விரட்டிவிட்டால், வெற்று நிலத்தின் விலை ஏறிவிடும். ஏழையின் வீடு எரிந்ததால் நிலக்காரருக்கு இலாபம்! இது நியாயமா? நியாயமில்லை என்று அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. தீக்கு இரையான நிலத்தை, குடிசைகள் இன்னும் அங்கே நிற்பதாகக் கருதி மதிப்பிட்ட விலைக்கே எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. நிலம் மலிவாகக் கிடைத்ததால்தான் குறைந்த வாடகைக்கு வீடு கட்ட முடிந்தது. நிலம் எடுப்பதற்கான விரிவான சட்டம் 1966இல் வந்தது.

குவீன்ஸ்டவுன், தியோங் பாரு போன்ற இடங்களில் வீடுகள் ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தன. முதல் குடும்பங்கள் அங்கே சென்றன. எரிந்த மண்ணிலும் அடுக்குமாடிகள் உயர்ந்தன. ஓராண்டுக்குள் வீடிழந்தோருக்குக் கூரை கிடைத்தது. முதல் ஐந்தாண்டுகளில் கழகம் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது.

ஆனால் எல்லாம் இனித்தது என்று சொல்ல முடியாது. அவசரமாகக் கட்டிய ஓரறை வீடுகளில் சமையலறையும் கழிவறையும் பொது. கம்பத்தில் கோழியும் பன்றியும் வளர்த்துப் பிழைத்தவர்களுக்கு மாடியில் அந்த வருமானம் இல்லை. மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டும். பழகிய அக்கம்பக்கத்தாரும் திசைக்கொருவராகப் பிரிந்தனர். அவசர வீடுகள் விரைவிலேயே நெரிசல் மிக்கவையாகி, பின்னாளில் இடிக்கப்பட்டன. கூரை கிடைத்தது உண்மை. வாழ்க்கை உயர்வதற்கு மேலும் காலம் பிடித்தது.

அடுத்த படிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1964இல் சொந்தமாக வீடு வாங்கும் திட்டம் அறிமுகமானது. 1968இல் அதற்கு மத்திய சேம நிதிச் சேமிப்பைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர் வீட்டுக்காரர் ஆகும் வழி திறந்தது.

புக்கிட் ஹோ ஸ்வீயின் வரலாறு கற்பிப்பது இதுதான். ஏழைகளின் குடியிருப்பை மேம்படுத்தச் செங்கல்லும் சிமெண்டும் மட்டும் போதாது. உயரும் நிலத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கட்டிய பிறகு, குடியேறியவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குச் சிங்கப்பூர் விரைவாகவே விடை கண்டது. இரண்டாவது கேள்வியோ, புதிய குடியிருப்பு எழும் ஒவ்வொரு முறையும் கேட்கப்பட வேண்டியது.