வலை இல்லாத கோல் போஸ்ட்டும் ஒரு பொய் சாட்சியும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நம்ம ஊரு பனமலை, செஞ்சிப் பக்கம். மலை மேல ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில், கீழே ஏரி. கோடையில ஏரி வத்திட்டா அதுதான் எங்க கிரவுண்டு.

2010 மே மாசம். எனக்குப் பதிமூணு வயசு. பக்கத்து ஊரோட ஃபைனல். ரெண்டு சவுக்குக் கட்டைதான் கோல் போஸ்ட், வலை எல்லாம் கிடையாது. கடைசி நிமிஷத்துல எங்க அண்ணன் (பெரியப்பா பையன்) அடிச்ச பந்து கட்டையை ஒட்டிப் பறந்துச்சு. உள்ளேயா வெளியேயா? பெரிய சண்டை. கோல் பக்கத்துல நின்னவன் நான் ஒருத்தன்தான். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அண்ணன் கொஞ்சம் முறைச்சே பார்த்தாரு. "உள்ளதான் போச்சு"ன்னேன். கப்பு எங்களுக்கு.

இதே சண்டை இங்கிலாந்துல 1889-லயே நடந்திருக்கு. எவர்ட்டனுக்கும் அக்ரிங்டனுக்கும் மேட்ச். கோலா இல்லையான்னு தகராறு. அதைப் பார்த்த லிவர்பூல் இன்ஜினியர் ஜான் பிரோடி, போஸ்ட்டுக்குப் பின்னாடி பெரிய பாக்கெட் மாதிரி ஒரு வலையைக் கட்டினா என்னன்னு யோசிச்சாரு. 1891 ஜனவரியில ஒரு பெரிய ஆட்டத்துல வலை கட்டி ஆடினாங்க. ரெஃப்ரிக்கு உதவ வந்த முதல் டெக்னாலஜிகள்ல ஒண்ணு இந்த வலைதான்னு நான் சொல்லுவேன். இதே பிரோடி 1912-ல் லட்யென்ஸோட சேர்ந்து புது டெல்லிக்கு இடம் பார்க்கிற கமிட்டியிலயும் இருந்தாரு!

ஆனா வலையால தீராத கேள்வி ஒண்ணு இருந்துச்சு. மேல் கம்பத்துல பட்டுக் கீழே விழுந்து வெளியே வர்ற பந்து. 1966 உலகக் கோப்பை ஃபைனல், வெம்பிளி. ஜெஃப் ஹர்ஸ்ட் அடிச்ச பந்து அப்படித்தான் விழுந்துச்சு. சுவிஸ் ரெஃப்ரி டீன்ஸ்ட், லைன்ஸ்மேன் பக்ராமோவைக் கேட்டாரு. அவர் கோல்னாரு. இங்கிலாந்து 4-2-ல் ஜெயிச்சிருச்சு. ஜெர்மன்காரங்க இன்னிக்கும் அதை ஒத்துக்கறதில்ல.

நான் பொய் சொன்ன அடுத்த மாசம், 2010 ஜூன் 27, டிவி முன்னாடி உக்காந்திருக்கேன். அதே ரெண்டு டீம். லாம்பார்ட் அடிச்ச பந்து கம்பத்துல பட்டு, கோட்டுக்கு நல்லா உள்ளே விழுந்து வெளியே வந்துச்சு. உலகமே பார்த்துச்சு, உருகுவே ரெஃப்ரி லாரியோண்டாவும் லைன்ஸ்மேனும் மட்டும் கோட்டை விட்டாங்க. (செஞ்சிக்காரன் இதைச் சொல்லக் கூடாதுதான் :-)) 2-2 ஆக வேண்டியது, 4-1-ல் ஜெர்மனி ஜெயிச்சுது. அப்புறம் ஃபிஃபா தலைவர் பிளாட்டர் இங்கிலாந்துகிட்ட மன்னிப்புக் கேட்டாரு. 2012 ஜூலையில கோல் லைன் டெக்னாலஜிக்கு அனுமதி கிடைச்சுது. 2014 உலகக் கோப்பையில ஒவ்வொரு கோலுக்கும் 7 கேமரா. பந்து கோட்டை முழுசாத் தாண்டினா ஒரு செகண்டுக்குள்ள ரெஃப்ரி வாட்ச்சுக்கு சிக்னல்.

2018 உலகக் கோப்பையில வி.ஏ.ஆர். வந்துச்சு. பிரான்ஸ் - ஆஸ்திரேலியா மேட்ச்ல வீடியோ பார்த்து முதல் பெனால்டி குடுத்த குன்யாவும் உருகுவே ரெஃப்ரிதான்! ஆனா வி.ஏ.ஆர். எல்லாத்துக்கும் வராது. கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம். அப்போ இந்த நாலுதான்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். நாக்-அவுட்ல பெங்களூரு - கேரளா பிளாஸ்டர்ஸ். கூடுதல் நேரம். கேரளாக்காரங்க தடுப்புச் சுவர் கட்டிட்டு இருக்கும்போதே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை டக்குனு அடிச்சிட்டாரு. ரெஃப்ரி கோல்னு சொன்னதும் கோச் வுகோமனோவிச் டீமையே வெளியே கூட்டிட்டுப் போயிட்டாரு. கேரளாவுக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை. உடனே எல்லாரும் வி.ஏ.ஆர். வேணும்னு கிளம்பிட்டாங்க. குறைஞ்ச செலவுல 'வி.ஏ.ஆர். லைட்' கொண்டு வரலாம்னு சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபேயும் அந்த வருஷம் பேசினாரு.

வரட்டும், நல்லதுதான். ஆனா அன்னிக்கு நடந்தது பந்து எங்கே விழுந்துச்சுங்கிற சண்டை இல்லையே. ரெஃப்ரி "அடி"ன்னாரா, "இரு"ன்னாரா? இதுக்கு அவர் சொல்றதுதான் சாட்சி. பந்து போற பாதையைச் சொல்ல ஆயிரம் கேமரா வைக்கலாம். மனுஷனோட வார்த்தையை நம்பித்தான் ஆகணும்ங்கிற இடம் எப்பவும் கொஞ்சம் பாக்கி இருக்கும். பதிமூணு வயசுல எங்க ஏரியில நான் நின்னது அந்த இடத்துலதான்.

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுல அந்த ஊர் கீப்பரைப் பார்த்தேன். வழக்கம்போல சிரிச்சுக்கிட்டே, "ஏம்ப்பா, அது உள்ளேயா போச்சு?"ன்னாரு. இத்தனை வருஷமா மழுப்பிட்டு வந்தவன், "வெளியதாண்ணே போச்சு"ன்னுட்டேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "வா, டீ சாப்பிடலாம்"னாரு. காசும் அவரே குடுத்தாரு.

டிஸ்கி: எங்க அண்ணன் பதிவெல்லாம் படிக்கிறதில்ல. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க மக்கா. கப்பு இன்னும் அவர் வீட்டுலதான் இருக்கு.