குத்தூசி மருத்துவம்: நாளமும் ஊசியும்

சீனரது குத்தூசி மருத்துவம் 5,000 ஆண்டுத் தொன்மை உடையது என்பது பலரும் எடுத்தோதும் கூற்று. அம்மருத்துவத்தைப் போற்றுவோரும் இகழ்வோரும் இக்கூற்றினை ஒருங்கே ஏற்கின்றனர். இத்துணைக் காலம் நிலைபெற்ற ஒன்று பயனற்றதாதல் இயலாது என்பர் முன்னையோர். இத்துணைப் பழையது இக்கால அறிவியலுக்கு ஒவ்வாது என்பர் பின்னையோர். இரு திறத்தாரும் காலக்கணக்கையே சான்றாகக் கொள்கின்றனராதலின், அக்கணக்கின் உறுதிப்பாட்டை ஆராய்தல் வேண்டும். ஆராயின், ஊசி, நாளம், புள்ளி என்னும் மூன்றும் ஒருங்கே தோன்றியன அல்ல என்பது புலனாகும்.

குத்தூசி மருத்துவத்தின் முதனூலாகக் கொள்ளப்படுவது ‘ஹுவாங் தி நெய் சிங்’ என்னும் நூல். ‘மஞ்சட் பேரரசரின் அகநூல்’ என இதனை மொழிபெயர்க்கலாம். மஞ்சட் பேரரசர் கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் வாழ்ந்தவர் எனச் சீனத் தொன்மம் கூறும். 5,000 ஆண்டு என்னும் கணக்கு இதனின்று பிறந்ததே. ஆனால் நூலின் நடையும் பொருளும் அது கி. மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளை ஒட்டிப் பலர் கைப்பட்டுத் தொகுக்கப்பெற்றது என்பதைக் காட்டுகின்றன. அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் பல மிகப் பிற்காலத்தன என்பதை அறிந்த தமிழறிஞர்க்கு இது வியப்புத் தருவதன்று. ஆசிரியர் பெயரைக் கொண்டு நூலின் காலத்தை அறுதியிடல் எந்நாட்டிலும் இடர்ப்பாடு உடையதே.

அகநூலுக்கு முற்பட்ட நிலை யாது? இவ்வினாவிற்கு விடை மண்ணுள் கிடைத்தது. ஹுனான் மாநிலத்துச் சாங்ஷா நகரின் அருகே மா வாங் துய் என்னுமிடத்தில், 1973ஆம் ஆண்டில் மூன்றாம் கல்லறையை அகழ்ந்தனர். அக்கல்லறை கி. மு. 168இல் மூடப்பெற்றது, அதன்கண் அடக்கம் செய்யப்பெற்றவர் சிற்றரசர் ஒருவரின் மகன். உடன் வைக்கப்பெற்ற பட்டுச்சுவடிகளுள் மருத்துவச் சுவடிகளும் இருந்தன. அவற்றுள் இரண்டு, உடம்பினூடே செல்லும் பதினொரு நாளங்களை விரித்துரைப்பன. ஒவ்வொரு நாளமும் எங்குத் தொடங்கி எவ்வழிச் சென்று எங்கு முடியும், அது கெடின் என்னென்ன நோய் தோன்றும் என்பன முறையே கூறப்படுகின்றன. நோய்க்குத் தீர்வாக அந்நாளத்தைச் சுடுமாறு சுவடி பணிக்கின்றது. மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலைத்தூளைக் கொளுத்தி உடம்பின்மேல் சூடேற்றும் முறை அது. இரு சுவடிகளிலும் ஊசியைப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை. இக்காலக் குத்தூசி மருத்துவர் உயிரெனப் போற்றும் பெயர்பெற்ற புள்ளிகளும் அவற்றில் இல்லை. ஒரு சுவடியில் நாளங்கள் யாவும் கைகால்களினின்று உடலகம் நோக்கியே செல்கின்றன. ஒன்றோடொன்று பிணைந்து வட்டமாய்ச் சுழல்வனவாகக் கூறப்படவில்லை. எனவே நாளம் பற்றிய கொள்கை ஊசியின்றியே வழங்கிய ஒரு நிலை இருந்தது என்பது பெறப்படும்.

இதனைக் கொண்டு, அக்காலத்தே ஊசி மருத்துவம் இல்லவே இல்லை என முடிபு கட்டுதல் பொருந்தாது. சுவடியில் இல்லாதது நாட்டிலும் இல்லை என்பது தருக்கமன்று. சிமா சியென் இயற்றிய வரலாற்று நூலில் சுன்யூ யி என்னும் மருத்துவரின் வரலாறு இடம்பெறுகின்றது. கி. மு. இரண்டாம் நூற்றாண்டினராகிய அவர் தம் நோயாளர் இருபத்தைவரைப் பற்றிக் கூறும் குறிப்புகளில், மிகச் சிலர்க்கே ஊசி இட்டதாகத் தெரிகின்றது. பெரும்பாலோர்க்கு அளித்தது மருந்தே. கி. மு. 113இல் இறந்த லியு ஷெங் என்னும் அரசகுமாரரின் கல்லறையை மான்செங்கில் 1968இல் அகழ்ந்தபோது, பொன்னூசி நான்கும் வெள்ளியூசி ஐந்தும் கிடைத்தன. ஆகவே, கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் ஊசி மெல்ல மெல்ல மருத்துவக் கருவியாய் இடம்பெறலாயிற்று என்று கொள்வதே தக்கது.

அகநூலின் ‘லிங் ஷு’ என்னும் பகுதி ஒன்பது வகை ஊசிகளைக் கூறுகின்றது. அவற்றுட் சில இன்று ஊசி என நாம் கருதத்தக்கன அல்ல; சீழையும் குருதியையும் வடிக்கும் சிறு கத்திகள். கட்டியைக் கூர்ங்கல்லாற் கீறுதல் இதற்கும் முற்பட்ட வழக்கம். மயிரிழையன்ன மெல்லூசி ஒன்பதனுள் ஒன்றே. இந்நூலில் நாளங்கள் பன்னிரண்டாகின்றன. பதினொன்று பன்னிரண்டானமைக்கு உடற்கூற்றினின்று காரணம் தேடின் கிடைப்பது அரிது. ஆனால் நூலே ஒரு குறிப்புத் தருகின்றது: பன்னிரு நாளங்களும் சீன நாட்டின் பன்னிரு ஆறுகளோடு ஒப்பிடப்படுகின்றன. புள்ளிகளின் தொகையோ 365. ஓராண்டின் நாட்கணக்கும் அதுவே. பேரரசு ஒன்றான காலத்தில் உடம்பும் ஒரு நாடாகக் கருதப்பட்டது. இந்நூலின் அழகு இதுவே என்பது எம் கருத்து. ஆயினும் அழகு வேறு, சான்று வேறு.

நாளத்தைக் குறிக்கும் ‘மாய்’ என்னும் சீனச் சொல் ஈண்டுக் கருதத்தக்கது. அது குருதிக்குழாயையும் குறிக்கும். மணிக்கட்டில் விரல்வைத்து அறியும் துடிப்பையும் குறிக்கும். நம் மொழியில் ‘நாடி’ என்னும் சொல் குழாய்க்கும் துடிப்புக்கும் பொதுவாய் நிற்றல் இதனோடு ஒத்தது. (இவ்வொப்புமை கொண்டு வருமக்கலையும் குத்தூசியும் ஒருமூலத்தன என்பார் உளர், அதற்குச் சான்று காட்டினாரில்லை.) இச்சொல் ஐரோப்பிய மொழிகளிற் புக்க வரலாறு படிப்பினை தருவது. ஒலாந்தியக் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராய் 1674 முதல் 1676 வரை ஜப்பானின் தெசிமாத் தீவில் இருந்த வில்லெம் டென் ரைனே, 1683இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் ‘அக்குபங்க்சுரா’ என்னும் பெயரை வழங்கினார். சீனப் படங்களிலுள்ள கோடுகளை அவர் குருதிக்குழாய்கள் எனக் கொண்டார். இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சியராகிய சூலியே த மொரான், புவிப்படத்து நெடுங்கோட்டின் பெயரையே அவற்றுக்கு இட்டார். ‘சி’ என்னும் சொல்லை ‘ஆற்றல்’ என மொழிபெயர்த்தார். கண்ணாற் காணும் குழாய், காணா வழியாயிற்று. மேலைநாட்டார் இன்று ‘கீழைநாட்டுத் தொன்மை’ எனக் கருதும் கருத்துகளுட் சில இம்மொழிபெயர்ப்பின் பயனே.

சீனத்தில் இம்மருத்துவம் இடையறவின்றிச் செழித்தது என்பதும் பிழை. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஹுவாங்பு மி புள்ளிகளை முறைப்படுத்தினார். சுங் அரசர் காலத்தில், 1027இல், மாணாக்கரைத் தேர்வு செய்தற்கு வெண்கல மனித உருவங்கள் வார்க்கப்பெற்றன. ஆனால் 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தினின்று குத்தூசியையும் சூடிடுதலையும் நீக்கி ஆணையிட்டார். 1929இல் பழைய மருத்துவம் முழுவதையும் ஒழிக்கவேண்டும் என்னும் முன்மொழிவு குடியரசு ஆட்சியில் எழுந்து, பெருங்கிளர்ச்சியால் நின்றது. 1930களில் செங் தான் ஆன் என்பார் குருதிக்குழாயை ஒட்டியிருந்த புள்ளிகளை நரம்புகளை ஒட்டி மாற்றியமைத்தார்; மெல்லூசியையே பெரிதும் வழக்கிற் கொணர்ந்தார். பொதுவுடைமை அரசு மருத்துவர் பற்றாக்குறையால் இம்முறையை ஆதரித்து, 1955இல் பீக்கிங்கில் ஆய்வுக்கழகம் நிறுவியது. இன்று நாம் காணும் குத்தூசி மருத்துவத்தின் வடிவம் பெரும்பாலும் இவ்விருபத்தைந்து ஆண்டுகளில் உருப்பெற்றதே. 1938இல் இந்திய மருத்துவக் குழுவிற் சீனம் சென்ற பி. கே. பாசு, பின்னர் மீண்டும் ஆங்குச் சென்று இம்முறையைக் கற்றுக் கல்கத்தாவிற் கொணர்ந்ததும் இவ்வடிவத்தையே.

1971 சூலையில் அமெரிக்க இதழாளர் ஜேம்சு ரெசுட்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நிகழ்ந்தது. குத்தூசியையே மயக்க மருந்தாகக் கொண்டு அறுவை செய்தனர் என இன்றும் எழுதுவோர் உளர். அறுவைக்கு வழக்கமான மரப்பூசியே இடப்பட்டது. பின்னர் எழுந்த வயிற்று உபாதைக்கே குத்தூசி இட்டனர் என அவர் தாமே எழுதியுள்ளார்.

அதன்பின் மேலைநாட்டு ஆய்வு பெருகிற்று. 1970களின் இடையில் பொமரான்சு, மேயர் முதலியோர் செய்த ஆய்வுகளில், நாலாக்சோன் என்னும் மருந்தை இடின் குத்தூசியால் தணிந்த வலி மீளக் காணப்பட்டது. அம்மருந்து அபினியின் வினையைத் தடுப்பது. ஆதலின் ஊசி தூண்டுவது மூளையும் தண்டுவடமும் தாமே சுரக்கும் அபினி போன்ற பொருள்களை எனக் கருதலாயினர். இவ்விளக்கத்திற்குப் பன்னிரு நாளங்கள் வேண்டுவதில்லை என்பது நோக்கத்தக்கது.

2007இல் வெளிவந்த செருமானிய ஆய்வு இதனை வேறு வகையிற் காட்டுகின்றது. நாட்பட்ட இடுப்புவலியுடையார் 1,162 பேர் மூன்று பகுதியினராக்கப்பட்டனர். ஆறு திங்களுக்குப்பின், மரபுவழிப் புள்ளிகளில் ஊசி இடப்பெற்றோருள் நூற்றுக்கு 47.6 பேர் நலம் எய்தினர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி இடப்பெற்றோருள் 44.2 பேர், மருந்தும் உடற்பயிற்சியுமாகிய வழக்கமான முறையில் 27.4 பேர். ஊசி இட்டார் நலம் பெற்றனர். எங்கு இட்டார் என்பது பெரிதும் வேறுபாடு விளைக்கவில்லை. எதிர்பார்ப்பும் மருத்துவர் தரும் கவனமும் இதில் எத்துணைப் பங்குடையன என்பது இன்றும் வழக்கிலுள்ள வினா. செருமானியக் காப்பீட்டு அமைப்பு இடுப்புவலிக்கும் முழங்கால்வலிக்கும் இம்மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் வழிகாட்டு அமைப்போ 2009இல் இடுப்புவலிக்கு இதனைப் பரிந்துரைத்து, 2016இல் அப்பரிந்துரையை நீக்கி, 2021இல் காரணம் தெளிவாகாத நாட்பட்ட வலிக்கு மீண்டும் இடந்தந்துள்ளது.