முகப்பரு மாத்திரைகள்: பக்கவிளைவுகள் எழுதிய வரலாறு

தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபட்டு, அங்கு நுண்ணுயிரிகள் பெருகி வீக்கம் உண்டாவதே முகப்பரு ஆகும். பருவ வயதில் ஆண், பெண் இருவருக்கும் இது தோன்றும். பெரும்பாலோருக்கு இருபது வயதைத் தாண்டியதும் குறைந்துவிடும். சில பெண்களுக்கு இருபது, முப்பது வயதுகளிலும் தாடையிலும் மோவாயிலும் வலியுள்ள பருக்கள் வந்துகொண்டே இருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் அவை மிகும். இதை ஹார்மோன் சார்ந்த முகப்பரு என்பர். பூசும் மருந்துகளுக்கு இது அடங்காதபோது மருத்துவர்கள் மாத்திரைகளைப் பரிந்துரைக்கின்றனர். அம்மாத்திரைகளின் வரலாறும், அவற்றின் பக்கவிளைவுகளால் பிறந்த விதிகளும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி போன்ற எல்லைப்புற ஊர்களில் அவ்விதிகளுக்கு உள்ள தேவையும் இக்கட்டுரையில் கூறப்படுகின்றன.

சூடும் சுரப்பியும்

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. கோடையில் பிள்ளைகளின் முகத்தில் பரு வந்தால், மாம்பழம் தின்ற சூடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் உணவையும் வயிற்றையுமே பருவுக்குக் காரணமாகச் சொல்லி வந்தது.

1941-இல் அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. விதைப்பை செயல்படாத ஆண்களுக்கு முகப்பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தினால் பரு தோன்றுகிறது என்பதையும் அவர் காட்டினார். எண்ணெய்ச் சுரப்பியை வளர்த்து எண்ணெயைப் பெருக்குவது ஆண்மைச் சுரப்பே என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆண்மைச் சுரப்பு பெண்ணுடலிலும் சிறிதளவு உண்டு. சினைப்பையும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. 1935-இல் சிகாகோ நகர மருத்துவர்கள் ஸ்டெயின், லெவந்தால் இருவரும் 7 பெண்களிடம் கண்டு விவரித்த நிலையே இன்று சினைப்பை நீர்க்கட்டி நோய் எனப்படுகிறது. மாதவிடாய் தவறுதல், முகத்தில் முடி வளர்தல், முகப்பரு ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் முதலில் இந்நோய் உள்ளதா என்று பார்ப்பர். எனினும் ஹார்மோன் சார்ந்த முகப்பரு உள்ள எல்லாப் பெண்களுக்கும் இந்நோய் இருப்பதில்லை. பலருக்கு இரத்தத்தில் சுரப்பின் அளவு இயல்பாகவே இருக்கும். தோலின் சுரப்பிகள் அதற்கு மிகுதியாக எதிர்வினை காட்டுவதே காரணம்.

பக்கவிளைவே மருந்தான கதை

இன்று இவ்வகைப் பருவுக்குப் பெரிதும் பயன்படும் மாத்திரைகளுள் ஒன்று ஸ்பைரோனோலாக்டோன். அது பருவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் சியர்ல் நிறுவனத்தில் 1957-இல் உருவாக்கப்பட்டு, உடலில் நீர் கோத்தல், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்காக விற்பனைக்கு வந்தது. சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றுவதும் பொட்டாசியத்தை உடலில் தக்கவைப்பதும் அதன் வேலை.

அதை உட்கொண்ட ஆண்களில் சிலருக்கு மார்பகம் பெருத்தது. இது வேண்டாத விளைவாகவே பதிவு செய்யப்பட்டது. காரணத்தை ஆராய்ந்தபோது, அம்மருந்து ஆண்மைச் சுரப்பின் வேலையைத் தடுக்கிறது என்பது தெரியவந்தது. 1978-இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், ஆண்மைச் சுரப்பு மிகுந்த ஒரு பெண்ணுக்கு இம்மருந்தால் முகமுடி குறைந்ததை அறிவித்தனர். 1980-களில் முகப்பருவுக்கான சோதனைகள் நடந்தன. எண்ணெய்ச் சுரப்பு குறைந்து பருவும் குறைந்தது. ஆணுக்குத் தொல்லையான விளைவு பெண்ணுக்கு மருந்தாயிற்று.

ஆயினும் பெரிய அளவிலான சோதனைக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளிவந்தது. முதல் 6 வாரம் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், பின்பு 100 மில்லிகிராம் வரை, மொத்தம் 24 வாரம் மருந்து தரப்பட்டது. 12 வாரத்தில் தெரிந்த நன்மை 24 வாரத்தில் மேலும் தெளிவாயிற்று. மருந்து உண்டோரில் சுமார் 20 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை உண்டோரில் 12 விழுக்காட்டினருக்கும் தலைவலி இருந்தது. பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்பதே இச்சோதனை தரும் முக்கியப் பாடம். ஒரு மாதத்தில் பலன் இல்லை என்று நிறுத்திவிடுவோர் மருந்தின் தொல்லையை மட்டும் பட்டு நன்மையை இழக்கின்றனர்.

கருத்தடை மாத்திரையும் இரத்த உறைவும்

ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனத்தில் 1961-இல் உருவான சைப்ரோடிரோன் அசிடேட் என்னும் பொருளும் ஆண்மைச் சுரப்பைத் தடுப்பது. இதனுடன் ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்த 'டயான்' மாத்திரை 1978-இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜன் அளவைக் குறைத்து 35 மைக்ரோகிராம் ஆக்கியபின் அது 'டயான்-35' ஆயிற்று. கருத்தரிப்பையும் தடுப்பதால், பல நாடுகளில் பரு இல்லாத பெண்களும் இதை வெறும் கருத்தடைக்காக உண்டனர்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த எல்லா மாத்திரைகளுக்கும் ஓர் ஆபத்து உண்டு. சிலருக்குக் காலின் சிரையில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். இது அரிதே; ஆனால் உயிரைப் பறிக்கும். 25 ஆண்டுகளில் 4 மரணங்கள் இம்மாத்திரையோடு தொடர்புடையவை என்று கூறி, 2013 சனவரியில் பிரான்சு நாடு அதன் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை இதை ஆராய்ந்து, வேறு மருந்துகளுக்கு அடங்காத, ஆண்மைச் சுரப்பு சார்ந்த முகப்பருவுக்குத் தரலாம், கருத்தடைக்காக மட்டும் தரக்கூடாது என்று வரையறுத்தது. தடை செய்வதா, தாராளமாக விடுவதா என்ற கேள்விக்கு, யாருக்குத் தரலாம் என்பதைச் சரியாக வகுப்பதே விடையாயிற்று.

பிறவாக் குழந்தைக்கு நேர்ந்த தீங்கு

ஐசோட்ரெடினாயின் ஹார்மோனைத் தடுக்கும் மருந்தன்று. வைட்டமின் ஏ-யின் உறவான பொருள். ஹார்மோன் சார்ந்த பரு கடுமையாகி வடுக்கள் விழும்போது இதுவும் தரப்படுகிறது. 1979-இல் கடுமையான பரு உள்ள 14 பேரிடம் சோதித்தபோது 13 பேருக்கு முற்றிலும் குணமானது. 1982-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது.

கருவுற்ற பெண்கள் உண்டால் குழந்தையின் மூளை, இதயம், காது ஆகியவற்றில் பெருங்குறைகள் உண்டாகும் என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே இருந்தது. இருந்தும் சில ஆண்டுகளிலேயே அத்தகைய குழந்தைகள் பிறந்தன. எச்சரிக்கைகள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்கா, மருத்துவர், மருந்துக் கடை, நோயாளி மூவரையும் பதிவு செய்து, கருவில்லை என்று சோதித்த பின்பே மருந்து தரும் முறையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் அத்தகைய பதிவு முறை இல்லை. மருத்துவரின் எச்சரிக்கையும் அட்டையில் அச்சிட்ட எச்சரிக்கையுமே இங்கு காவல்.

சீட்டில்லாக் களிம்பு

இந்தியாவில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் மருந்து விற்பனையை நெறிப்படுத்துகின்றன. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகள் 'எச்' அட்டவணையில் உள்ளன. ஆனால் பூசும் மருந்துகளுக்கு அவ்வட்டவணையில் நெடுங்காலம் விலக்கு இருந்தது. அந்த வழியே ஸ்டீராய்டு களிம்புகள் முகப்பருவுக்கும் முகப்பொலிவுக்கும் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டன.

ஸ்டீராய்டு பூசிய சில நாளில் சிவப்பும் வீக்கமும் அடங்கி முகம் வெளுத்துத் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, புதிய பருக்களும் முடியும் தோன்றும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். எரிச்சலுக்குப் பயந்து மீண்டும் பூசுவர். 2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் முகத்தோல் நோயுள்ள 2,926 பேரை ஆராய்ந்தபோது, 433 பேர் இக்களிம்புகளைப் பூசி வந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதோரின் சொல்லைக் கேட்டுத் தொடங்கியவர்கள். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட தீய விளைவு முகப்பருவே. தோல் மருத்துவர் சங்கத்தின் தொடர் முயற்சிக்குப் பின், 2018-இல் மத்திய அரசு 14 பூசும் ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டு கட்டாயம் என்ற விதிக்குள் கொண்டுவந்தது.

எல்லைப்புற ஊரும் மருந்துச்சீட்டும்

வேப்பனப்பள்ளி கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இங்கு புழங்குகின்றன. ஓசூர்ப் பகுதியின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளம்பெண்கள் இம்மாவட்டத்தில் பெருகியுள்ளனர். ஓர் ஊரில் மருத்துவரைக் கண்டு, மறு மாநிலத்தில் மருந்து வாங்குவது எல்லைப்புறத்தில் எளிது. மருந்துச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே. எல்லை தாண்டினாலும் சீட்டு வேண்டும். சீட்டையும் மாத்திரை அட்டையையும் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவரிடம் சென்றாலும் காட்டுவது இத்தகைய ஊர்களில் மிகவும் தேவை. 2022 சனவரியில் தொடங்கப்பட்ட அரசுக் கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகரிலேயே உயர் சிகிச்சைக்கு வழி செய்துள்ளது.

மற்றொரு தடை வீட்டிற்குள் இருக்கிறது. திருமணமாகாத பெண்ணின் பையில் கருத்தடை மாத்திரை அட்டையைக் கண்டால் வீட்டார் தவறாக எண்ணக்கூடும். அதற்கு அஞ்சி மறைத்து உண்பவர், கால் வீங்கும்போதும் அதைச் சொல்லத் தயங்குவார். தாய் அருகிலிருக்க, கருவுற வாய்ப்புண்டா என்ற கேள்விக்கும் பெண் உண்மையான பதில் கூற மாட்டார். மருத்துவர் நோயாளியிடம் தனியே பேச வேண்டிய இடம் இது. அந்த மாத்திரை பருவுக்கும் மருந்து என்பதை வீட்டார் அறிந்திருந்தால் பாதி அச்சம் நீங்கும்.

மருந்து உண்போர் அறிய வேண்டியவை

ஸ்பைரோனோலாக்டோன்: சிறுநீர் மிகுதல், தலைச்சுற்றல், மார்பகங்களில் மென்வலி, மாதவிடாய் ஒழுங்கு தவறுதல் ஆகியவை வரலாம். குறைந்த அளவில் தொடங்கினால் இவை குறையும். நின்றுகொண்டே வேலை செய்வோரும் இரவு முறை வேலைக்குச் செல்வோரும், எந்த வேளையில் உண்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உடல்நலமுள்ள இளம்பெண்களிடம் பொட்டாசியம் மிகுவது அரிது என்று 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிறுநீரகக் குறை உள்ளோர், சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் உண்போர் ஆகியோருக்கு இரத்தச் சோதனை தேவை. பொட்டாசியம் மிகுந்த இளநீரைத் தினமும் அருந்துவது பற்றியும் அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவுற்றிருப்போர் இம்மருந்தை உண்ணக் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை: முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், 35 வயதைக் கடந்து புகைப்பவர்கள் இதை உண்ணலாகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மாத்திரை உண்பதையும் சொல்ல வேண்டும்.

ஐசோட்ரெடினாயின்: உதடும் கண்ணும் வறளும். கல்லீரலையும் கொழுப்பையும் காட்டும் இரத்தச் சோதனைகள் தேவை. மனச்சோர்வு தோன்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வைட்டமின் ஏ மாத்திரைகளையும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளையும் உடன் உண்ணக் கூடாது. மருந்து உண்ணும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவோ இரத்ததானம் செய்யவோ கூடாது. தோழிக்குக் குணமானது என்று அவருடைய மாத்திரையைப் பகிர்ந்து உண்பதும் ஆபத்தானது.

இம்மருந்துகள் எவற்றிலும் பயனும் பக்கவிளைவும் தனித்தனியே பிறந்தவை அல்ல. உடலில் ஒரே வேலையைச் செய்யும் பொருள், ஒருவருக்குப் பயனாகவும் மற்றொருவருக்குத் தீங்காகவும் முடிகிறது. இன்னாருக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்து எழுதப்படுவதே மருந்துச்சீட்டு. அட்டையில் அச்சிடப்பட்டுள்ள எச்சரிக்கை வரிகள் பலவும், முன்பு எங்கோ ஒரு பெண்ணோ குழந்தையோ பட்ட துன்பத்திலிருந்து எழுதப்பட்டவை. அவற்றைப் படித்த பின் மாத்திரையைப் பிரிப்பதே அந்த வரலாற்றிலிருந்து பெறத்தக்க பயனாகும்.