பெற்றோர் ஷிப்ட் வேலையில்... பள்ளிக் கூட்டத்துக்கு யார் வருவது? தலைமை ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் கார், உதிரிபாகம், செல்போன் என இரவு பகலாக ஓடும் தொழிற்சாலைகள் ஏராளம். அப்பா நைட் ஷிப்ட், அம்மா காலை ஷிப்ட் என்றால், பள்ளி நேரத்தில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போவது?

நாற்காலிகள் காலியாக இருந்தால், 'பெற்றோருக்கு அக்கறையே இல்லை' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனா, 'கூட்டம் வைத்த நேரம் அவங்களுக்குச் சரிப்பட்டதா?' என்று பள்ளி தன்னையே கேட்டுப் பார்ப்பதில்தான் தீர்வு தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 21-வது பிரிவுப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவது, நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது இவர்கள் வேலை. ஷிப்ட் காரணமாக இவர்கள் வரவில்லை என்றால், கழிப்பறை, குடிநீர் போன்ற விஷயங்களில் பெற்றோர் பேச்சு இல்லாமலே முடிவு எடுக்கப்படும்.

ஷாலா சித்தி என்றால் என்ன?

பள்ளி தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் தேசிய அளவிலான முறை. 2015-ல் அறிமுகமானது. 7 பிரிவுகள், 46 அளவுகோல்கள். ஒவ்வொன்றிலும் பள்ளி எந்த நிலையில் இருக்கிறது என 3 நிலைகளில் குறிக்க வேண்டும். சமூகப் பங்கேற்பும் அந்த 7 பிரிவுகளில் ஒன்று.

படிவத்தை நிரப்பி அனுப்பினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் 10 நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதலாம்:

* யார் வரவில்லை? ஏன்?
* தகவல் அவங்க கைக்குப் போய்ச் சேர்ந்ததா?
* கூட்டத்தில் பெற்றோர் பேசினார்களா, நாம் மட்டும் பேசினோமா?
* அடுத்த முறை எதை மாற்றப் போகிறோம்?

வாட்ஸ்அப் குரூப் போதாதா?

வீட்டில் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போகிறவர் கையில் இருக்கலாம். வேலை நேரத்தில் போன் பார்க்க விடாத இடங்களும் உண்டு. அதனால்:

* சேர்க்கையின்போதே ஷிப்ட் நேரம், வீட்டில் பேசும் மொழி, இரண்டாவது போன் நம்பர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.
* சுற்றறிக்கையை போட்டோ எடுத்துப் போடுவதைவிட, ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் எளிது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.
* இந்தி, ஒடியா பேசும் குடும்பங்களுக்கு, அதே மொழி தெரிந்த இன்னொரு பெற்றோரின் உதவியைக் கேளுங்கள்.
* முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வையுங்கள். 2022 மார்ச் 20 அன்று தமிழக அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கான பெற்றோர் கூட்டம் நடந்ததும் ஞாயிற்றுக்கிழமைதான்.
* ஒரு பிள்ளையின் மார்க், குறைகளை குரூப்பில் போட வேண்டாம். தனியாகச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

கான்ட்ராக்ட் முடிந்தால் குடும்பம் அறையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும். பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராதபோதே பள்ளி போன் செய்தால், குடும்பம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த பள்ளியில் சேர வழிகாட்டலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது இதே சட்டத்தின் 5-வது பிரிவு. இது பல பெற்றோருக்குத் தெரியாது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியது பள்ளிதான்.

பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணை அழைக்கலாம்.