எவருடைய வெற்றியையும் கேளாத ஜெபம்



ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை உலகின் பல திருச்சபைகள் கிறிஸ்தவ ஐக்கியத்திற்கான ஜெப வாரத்தைக் கைக்கொள்கின்றன. அச்சிட்ட ஜெப ஒழுங்கு கைக்கு வந்துவிடுகிறது. நாமும் வாசித்து ஆமென் சொல்லிவிடுகிறோம். அந்த ஜெபத்தின் பொருள் ஒரு காலத்தில் வேறாக இருந்தது. அதை மாற்றியவர் பேராயரல்லர், புகழ்பெற்ற இறையியலாளருமல்லர். பிரான்சு நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்துவந்த ஒரு கத்தோலிக்க குரு. பவுல் குத்தூரியே என்பது அவர் பெயர்.

1881 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள் லியோன் நகரில் பிறந்த அவர், 1906 இல் குருப்பட்டம் பெற்றார். புனித ஐரேனியஸ் பெயரால் அமைந்த குருக்கள் சங்கம் ஒன்றில் சேர்ந்து, அதன் பள்ளியில் ஆசிரியப் பணியை ஏற்றார். நாற்பது வயது வரை அவர் வாழ்வில் வரலாறு குறித்துவைக்கத்தக்கது ஏதும் நிகழவில்லை. ஆனால் அந்தச் சங்கத்தின் பெயரை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரின் ஆயராக இருந்த ஐரேனியஸ் கீழ்த்திசையிலிருந்து, சிறிய ஆசியாவிலிருந்து, வந்தவர். உயிர்த்தெழுதல் பண்டிகையை எந்த நாளில் ஆசரிப்பது என்ற வழக்கில் ரோமாபுரியின் ஆயர் விக்டர் ஆசியச் சபைகளைத் துண்டிக்க முற்பட்டபோது, அது தகாது என்று அவருக்கு எழுதியவர் இந்த ஐரேனியஸ். ரோமையோடு ஐக்கியத்தில் இருந்துகொண்டே ரோமைக்கு அப்படி எழுத முடிந்தது. குத்தூரியே இளமை முதல் இந்த மரபின் நிழலில் வளர்ந்தவர்.

1917 ஆம் ஆண்டின் புரட்சிக்குப்பின் ரஷ்யாவைவிட்டு ஓடிவந்த அகதிகள் ஆயிரக்கணக்கில் லியோன் நகரில் குடியேறினார்கள். 1920களில் அவர்களுக்கு உதவும் பணியில் குத்தூரியே ஈடுபட்டார். நாடும் வீடும் இழந்த அந்த மக்களிடம் இழக்கப்படாத ஒன்று இருந்தது: அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் விசுவாசமும் ஆராதனையும். பாடநூல்களில் “பிரிந்துபோனவர்கள்” என்று ஒரே சொல்லால் குறிக்கப்பட்டவர்கள், முகமும் கண்ணீரும் ஜெபமும் உடைய மனிதர்களாக அவர்முன் நின்றார்கள். கொடுக்கச் சென்றவர் பெற்றுக்கொண்டு திரும்பினார் என்றே சொல்ல வேண்டும்.

1932 இல் அவர் பெல்ஜியம் நாட்டின் அமே என்ற இடத்திலிருந்த பெனடிக்டு சபை மடத்தில் தங்கினார். கிழக்கு மேற்குத் திருச்சபைகளின் ஒற்றுமைக்காகவே 1925 இல் லாம்பெர் பொத்வென் என்ற துறவி நிறுவிய மடம் அது. ஆங்கிலிக்கன் திருச்சபை ரோமையோடு இணையலாம், ஆனால் அதில் கரைந்துபோக வேண்டியதில்லை என்று எழுதியவர் பொத்வென். குத்தூரியே அங்கே சென்ற வேளையில், நிறுவியவரோ தம் மடத்திலிருந்து விலக்கி அனுப்பப்பட்டிருந்தார். ஐக்கியத்தைப்பற்றிப் பேசினால் என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதை அந்த மடத்தின் சுவர்களே சொல்லியிருக்கும். 1928 ஜனவரியில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், பிற சபையாரோடு கூடிய ஐக்கியக் கூட்டங்களில் கத்தோலிக்கர் பங்குகொள்வதைத் தடைசெய்திருந்தது. பிரிந்தவர்கள் திரும்பி வருவதே ஒரே வழி என்பது அதன் நிலைப்பாடு.

ஜெபத்திற்கு மட்டும் தடையில்லை. 1908 இல் அமெரிக்காவில் பவுல் வாட்சன் என்ற ஆங்கிலிக்கன் குரு ஐக்கியத்திற்கான எட்டு நாள் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டே அவர் தம் குழுவினரோடு கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். ரோமாபுரி அந்த ஜெபத்தை ஏற்றுக்கொண்டு, பின்னர் திருச்சபை முழுவதற்கும் விரிவுபடுத்தியது. ஜனவரி 18 முதல் 25 வரை என்ற நாள் கணக்கும் அவர் தந்ததே. அந்த ஜெபத்தின் கருத்து நேரானது: பிரிந்தவர்கள் அனைவரும் பேதுருவின் பீடத்திற்குத் திரும்ப வேண்டும்.

லியோன் நகரில் குத்தூரியே 1933 ஜனவரியில் மூன்று நாள் ஜெபத்தை நடத்தினார்; மறு ஆண்டு அது எட்டு நாளாயிற்று. ஆனால் அவர் மனத்தை ஒரு கேள்வி அரித்தது. அகதியாக வந்த ரஷ்யக் கிறிஸ்தவர் இந்த ஜெபத்திற்கு எப்படி ஆமென் சொல்வார்? லூத்தரன் எப்படிச் சொல்வார்? அவர்கள் இதில் ஜெபிக்கப்படும் பொருளாக இருக்கலாம். ஜெபிக்கிறவர்களாக இருக்க முடியாது. ஒற்றுமைக்கான ஜெபமே பிரிவினையின் கோட்டை மீண்டும் ஒருமுறை வரைந்துவிடுகிறது.

அவர் கண்ட வழி மிக எளியது. கிறிஸ்து விரும்புகிற ஐக்கியத்தை, அவர் விரும்புகிற வழிகளால், அவரே தரவேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளட்டும். 1935 இல் எழுதிய கட்டுரையில் இதற்கான காரணங்களை விளக்கினார். எட்டு நாட்களின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளத்தை மாற்றினார். சிலுவைக்கு முந்தின இரவில் ஆண்டவர் ஏறெடுத்த ஜெபத்தை யோவான் 17 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த ஜெபம் இன்னும் ஓயவில்லை, நம் வேலை அது நமக்குள் ஏறெடுக்கப்பட இடம் கொடுப்பதே என்பது குத்தூரியேயின் எண்ணம்.

இது நழுவல் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அக்காலத்திலேயே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. சத்தியத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று கத்தோலிக்கரில் சிலர் ஐயுற்றார்கள். இது மறைமுக வலை என்று புரொட்டஸ்தாந்தரில் சிலர் அஞ்சினார்கள். குத்தூரியே தம் திருச்சபையின் போதனையில் ஒன்றையும் மறுத்தவரல்லர்; இறுதிவரை கீழ்ப்படிதலுள்ள கத்தோலிக்க குருவாகவே வாழ்ந்தார். என் பார்வையில், அவருடைய ஜெபம் பழையதைவிடக் கடினமானது. பிறர் மாற வேண்டும் என்று வேண்டுவதில் எனக்கு ஒரு செலவும் இல்லை. ஆண்டவருடைய சித்தப்படி ஆகட்டும் என்று உண்மையாய் வேண்டினால், முதலில் என் சபையே திருத்தப்படக்கூடும். நான் அருமையாய்ப் போற்றும் வழக்கங்களில் சில கையைவிட்டுப் போகக்கூடும். ஆகவேதான் அவர் ஒவ்வொரு சபையும் தன் குற்றத்திற்காக மனந்திரும்புவதை இந்த ஜெபத்தின் வாசலாக வைத்தார்.

அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் கடிதங்களால் ஆனது. ஆசிரியப் பணியையும் விடாமல், ஆண்டுதோறும் துண்டுப் பிரசுரங்களை ஆயத்தம் செய்து பல நாடுகளுக்கு அனுப்பினார். 1937 லும் 1938 லும் இங்கிலாந்துக்குச் சென்று ஆங்கிலிக்கன் துறவு இல்லங்களில் நட்பை வளர்த்தார். கத்தோலிக்க குருக்களும் பிரெஞ்சு, சுவிஸ் புரொட்டஸ்தாந்து ஆயர்களும் கூடி ஜெபித்து, கருத்து வேறுபாடுகளை மறைக்காமல் பேசும் குழு ஒன்று 1937 இல் அவர் முயற்சியால் உருவாயிற்று. லியோன் அருகிலுள்ள தோம்ப் மடத்தின் பெயரால் அது இன்றும் அறியப்படுகிறது. தேசே குழுமத்தை நிறுவிய ரோஜர் ஷுட்ஸ், தம் பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே அவருக்கு நண்பரானார்.

வெளிநாட்டுக் கடிதங்கள் போர்க்காலத்தில் ஆபத்தானவை. 1944 இல் கெஸ்டாபோ காவலர் அவரைக் கைதுசெய்து லியோனின் மோன்லுக் சிறையில் அடைத்தார்கள். அறுபது வயதைக் கடந்த அவர் ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே கிடந்தார். விடுதலையானபோது உடல்நலம் குலைந்திருந்தது. பின்னர் அது முழுமையாய்த் திரும்பவே இல்லை. வியாழக்கிழமை மாலைதோறும், கடைசி இராப்போஜனத்தை நினைத்து, அவரவர் இருக்கும் இடத்திலேயே யோவான் 17 ஐ ஜெபமாக்குகிற மக்களை அவர் “காணப்படாத மடம்” என்று அழைத்தார். அதற்குச் சுவரும் இல்லை, மணியும் இல்லை. அதில் இருப்பவர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதும் இல்லை.

1952 இல், ரோமையோடு ஐக்கியத்திலுள்ள கீழைத் திருச்சபையான மெல்கியரின் அந்தியோகியா பிதாப்பிதா நான்காம் மாக்சிமோஸ், அவருக்கு ஆர்க்கிமாந்திரித் என்ற கீழைத் திருச்சபைப் பட்டத்தை அளித்துச் சிறப்பித்தார். 1953 மார்ச் 24 அன்று குத்தூரியே மரித்தார். பதினோரு ஆண்டுகளுக்குப்பின், 1964 நவம்பர் 21 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஐக்கியத்தைக் குறித்த தன் ஆணையை வெளியிட்டது. மனமாற்றமும் பரிசுத்த வாழ்வும் ஜெபமுமே ஐக்கிய முயற்சி அனைத்திற்கும் ஆன்மா என்று அது கூறுகிறது. 1968 முதல் உலகத் திருச்சபைகளின் மன்றமும் கத்தோலிக்க திருச்சபையும் சேர்ந்து ஆயத்தம் செய்த ஜெப ஒழுங்கு பயன்படுத்தப்பட்டு வருகிறது. நம் கைக்கு வரும் தாள் அதுதான். ஆயினும் பந்தியில் நாம் இன்னும் ஒன்றாக அமரவில்லை. அந்த வலியை இந்த வாரமும் ஆற்றிவிடுவதில்லை.

காணப்படாத மடத்தில் இருந்தவர்களுள் ஒருவரைப்பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மரிய காபிரியேலா சகெட்டு என்ற சார்தீனியாத் தீவின் பெண், ரோமாபுரிக்கு அருகே குரோத்தாஃபெராட்டாவில் இருந்த டிராப்பிஸ்து மடத்தில் கன்னியாஸ்திரீயாக வாழ்ந்தார். 1938 ஜனவரியில் மடத்தின் தலைவி, குத்தூரியேயின் ஜெப அழைப்பைச் சகோதரிகளுக்கு எடுத்துரைத்தார். அதைக் கேட்ட காபிரியேலா, கிறிஸ்தவ ஐக்கியத்திற்காகத் தம் உயிரையே காணிக்கையாக்க அனுமதி கேட்டார். விரைவிலேயே காசநோய் கண்டது. 1939 ஏப்ரல் 23 அன்று, 25 வயதில் மரித்தார். பிறசபையாரோடு அவர் வாதம் செய்ததில்லை. எதையும் எழுதி வெளியிட்டதும் இல்லை. மரணத்திற்குப்பின் அவருடைய சிறிய சுவிசேஷ நூலைத் திறந்தபோது, ஓரிடத்தில் மட்டும் தாள்கள் விரல்பட்டுப் பட்டு மஞ்சளித்திருந்தன. யோவான் 17 ஆம் அதிகாரம் இருந்த பக்கங்கள் அவை. 1983 ஆம் ஆண்டு, ஜெப வாரத்தின் கடைசி நாளாகிய ஜனவரி 25 அன்று, ரோமாபுரியில் புனித பவுலின் பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக அறிவித்தார். ஆங்கிலிக்கன், லூத்தரன், ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் பிரதிநிதிகளும் அந்த ஆராதனையில் அமர்ந்திருந்தார்கள்.