கருஞ்சிவப்பு ரோசாவின் பூர்வீகம்

ரோசாவைக் குளிர்நாட்டு மலராகக் கருதும் வழக்கம் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இலங்கையில் இதற்குக் காரணமும் உண்டு. 1861 இல் சிங்கோனாப் பயிருக்கெனத் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தாவரவியற் பூங்காவே பின்னர் ரோசாவுக்குப் பெயர்பெற்றது. மலையகத் தோட்டங்களை விட்டுவந்த குடும்பங்கள் பல குடியேறிய தர்மபுரத்தில், கிணற்றடியிலே கருஞ்சிவப்பு ரோசா நடுதல் வன்னியின் வெம்மைக்கு ஒவ்வாத முயற்சியென எண்ணப்படுவது இயல்பே. எனினும் இச்செடியின் வரலாறு வேறு கதை கூறுகின்றது.

குட்டையாக வளர்ந்து கொத்துக்கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா இனம் ஐரோப்பாவில் உருவானது என்பது உண்மை. டென்மார்க்கின் பவுல்சன் குடும்பத்தினர் இதற்கு அடிகோலினர். 1924 இல் வெளிவந்த 'எல்சு பவுல்சன்' பெரும் புகழீட்டியது. 1963 இல் ஒல்லாந்திலே டி றூயிற்றர் வெளியிட்ட அடர்சிவப்பு வகைக்கு 'யுரோப்பியானா' என்றே பெயர். பெயரில் ஐரோப்பா நிற்கின்றது. ஆயின் அதன் சிவப்பு ஐரோப்பாவினதன்று.

ஐரோப்பாவின் பழைய 'சிவப்பு' ரோசாக்கள் ஊதாச் சாயல் கொண்டவை. பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறையே பூத்தவை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பனியோடு தொடர்புடைய கில்பேர்ட் சிலேற்றர் வழியாக இங்கிலாந்தை அடைந்த சீனக் குறுஞ்செடியே மங்காச் சிவப்பையும் இடையறாது பூக்கும் இயல்பையும் அங்கு சேர்த்தது. கல்கத்தா வழியாகச் சென்றமையால் இத்தகைய சீன ரோசாக்களுக்கு 'வங்காள ரோசா' என்ற பெயரும் வழங்கிற்று. கொண்டுவந்தவரின் பெயர் செடியோடு ஒட்டிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அதனைத் தெரிந்தெடுத்து வளர்த்த சீனத் தோட்டக்காரரோ பெயரற்றோராயினர். வணிகர் எழுதிய பதிவுகளையே வரலாறெனக் கொண்டதன் விளைவு இது.

தொடர்ந்து பூத்தலின் காரணம் 2012 இல் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று. பூத்தலை அடக்கும் மரபணுவொன்று இங்குச் செயலிழந்துள்ளது. எனவே பருவத்துக்குக் காத்திராது புதுத்தளிர்கள் தோறும் மொட்டு அரும்புகின்றது.

வெப்பச் சமவெளிக்கேற்ற ரோசாக்களை உருவாக்க இந்தியாவில் முனைந்தவர்களுள் கோதுமை ஆய்வறிஞர் பி. பி. பால் முதன்மையானவர். அவருடைய 'டெல்லி பிரின்செஸ்' ஒரு புளோரிபண்டாவே. இந்திய ரோசாவைப் பற்றிய அவரது நூல் 1966 இல் வெளிவந்தது.

வன்னியின் நண்பகல் வெயில் அடர்நிற இதழ்களின் விளிம்பைக் கருக்கும் என்பதை மறுத்தற்கில்லை. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வாய்க்கும் இடமே தக்கது. மாரிமழையில் இலைகளிலே கரும்புள்ளி நோய் பரவும். அவ்விலைகளைப் பொறுக்கி எரித்தல் வேண்டும். மழை ஓய்ந்தபின் கத்தரித்த கிளை ஆறேழு கிழமைகளில் மீண்டும் பூக்கும்.