வேலியே பயிரை மேயாதிருக்க

2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் சிட்னி ஒலிம்பிக் மைதானத்தில், பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக ஓடி முடித்தார். ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 2009 டிசம்பரில், அந்த வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. முதலிடம் பெற்ற அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ், தாம் ஊக்கமருந்து பாவித்ததை 2007 ஒக்டோபரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டமையே காரணம். 1948இல் டங்கன் வைற் வென்ற வெள்ளியின் பின்னர் இலங்கைக்குக் கிடைத்த ஒரேயொரு ஒலிம்பிக் பதக்கம் இது.

அந்த வெள்ளியைத் தேடித் தந்தது கொழும்பு அன்று. 2003இல் பயிற்சியாளர் ஒருவர், பாவித்த ஊசியொன்றை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்துக்கு இரகசியமாக அனுப்பினார். அதில் எஞ்சியிருந்த, அதுவரை எவரும் அறிந்திராத மருந்தை லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகூடம் இனங்கண்டது. அதிலிருந்து விரிந்த விசாரணையே ஜோன்ஸ் வரை சென்றது. அமெரிக்க நிறுவனங்கள் தமது நாட்டின் நட்சத்திரத்தையே துருவியதால், கேகாலை மாவட்டத்து ஏழைக் குடும்பமொன்றின் மகளுக்கு நீதி கிடைத்தது.

கண்டி வீதியோரத்து அரியாலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. விளையாட்டுக் கழகங்களாலும் சனசமூக நிலையங்களாலும் உயிர்ப்புப் பெற்ற ஊர் அது. அவ்வூர் மைதானத்தில் ஓடிப் பழகும் பிள்ளை ஒருநாள் தேசிய அணிக்குத் தெரிவாகலாம். அன்று அப்பிள்ளையின் நேர்மைக்குச் சாட்சி சொல்லப்போவது யார்? இந்தக் கேள்விக்கு விடை காண உலக விளையாட்டு வரலாற்றைச் சற்றுப் புரட்டுதல் வேண்டும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராக இருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றபோது, ஊக்கமருந்துச் சோதனை என்பதே இருக்கவில்லை. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க் சைக்கிளோட்ட வீரர் ஒருவர் போட்டியின்போது சரிந்து மாண்டார். 1967இல் பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் பிரித்தானிய வீரர் ரொம் சிம்சன் மலையேற்றப் பாதையில் உயிர் துறந்தார். 1968ஆம் ஆண்டிலிருந்தே ஒலிம்பிக்கில் முறையான சோதனை நடைமுறைக்கு வந்தது.

ஆனால் சோதிப்பவரே துணைபோனால் என்ன செய்வது? கிழக்கு ஜேர்மனியில் அரசே வீரர்களுக்கு மருந்தூட்டியது. அந்நாட்டின் கிறைஷா ஆய்வுகூடம், வெளிநாடு செல்லவிருந்த வீரர்களை முன்கூட்டியே சோதித்து, உடலில் மருந்து மிஞ்சியிருந்தோரைப் பயணம் செய்யவிடாது தடுத்துக்கொள்ள உதவியது. பிறநாட்டார் கண்ணில் அகப்படாதிருக்கவே உள்நாட்டுச் சோதனை பயன்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

1988இல் சியோலில் பென் ஜோன்சன் பிடிபட்டபோது கனடா வேறு வழியைத் தெரிந்தது. நீதிபதி சாள்ஸ் டுபின் தலைமையில் பகிரங்க விசாரணை நடத்தி, தனது வீட்டு அழுக்கைத் தானே முற்றத்தில் போட்டு அலசியது. போட்டி நாளில் மட்டும் சோதிப்பதால் பயனில்லை, பயிற்சிக் காலத்திலும் சோதிக்கவேண்டும் என்பது அவ்விசாரணை புகட்டிய பாடம். பயிற்சிக்காக வீரர்கள் நாடு நாடாகச் செல்வதால், ஒரு நாட்டின் அதிகாரி இன்னொரு நாட்டின் வீரரைச் சோதிக்கும் உரிமை தேவைப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் இதற்கென ஒப்பந்தம் செய்துகொண்டன. நோர்வே, நியூசிலாந்து முதலான நாடுகளும் பின்னர் இணைந்தன. தேசிய முகவரகங்களின் ஒத்துழைப்புக்கு இதுவே வித்து.

1999 நவம்பரில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் தோன்றியது. 2004இல் உலக விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது. 2005இல் யுனெஸ்கோ சர்வதேச சமவாயத்தை நிறைவேற்றியது. 2012இல் தேசிய முகவரகங்கள் தமக்கென ஒரு சர்வதேச அமைப்பையும் நிறுவிக்கொண்டன. இவற்றின் பயன் எளிமையானது. சென்னையில் பயிற்சி பெறும் இலங்கை வீராங்கனையை இந்திய முகவரகம் சோதிக்கலாம். முடிவு கொழும்பிலும் செல்லும். மாதிரி இரண்டு போத்தல்களில் முத்திரையிடப்பட்டு, பெயரின்றி இலக்கத்துடன் மட்டும் ஆய்வுகூடம் போகும். பரிசோதிப்பவருக்கு அது சிங்களவருடையதா, தமிழருடையதா, அமைச்சரின் உறவினருடையதா என்பது தெரியாது.

இந்த ஏற்பாட்டின் வலிமை ரஷ்ய விவகாரத்தில் வெளிப்பட்டது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஆய்வுகூடச் சுவரில் இருந்த துவாரத்தினூடாக மாதிரிகள் இரவோடிரவாக மாற்றப்பட்டன என்பது பின்னர் அம்பலமானது. 2015 நவம்பரில் ரஷ்ய முகவரகத்தின் அங்கீகாரம் பறிபோக, 2016இல் ரஷ்ய வீரர்களைச் சோதிக்கும் பொறுப்புப் பிரித்தானிய முகவரகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வல்லரசின் வயலுக்கு அயலூரான் காவல் நின்றான்.

அயலூரான் காவல் நமக்கு எப்போதும் இனிப்பதில்லை. 2010இல் டில்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டைத் தங்கம் வென்றபோது, 72 ஆண்டுகளின் பின்னர் இலங்கைக்குப் பொதுநலவாயக் குத்துச்சண்டையில் கிடைத்த தங்கம் என்று நாடு கொண்டாடியது. மாதிரியில் நன்ட்ரோலோன் இருந்ததாக முடிவு வரவே, தங்கம் வேல்ஸ் வீரரைச் சென்றடைந்தது. சுசந்திகாவுக்கு வெள்ளியைத் தந்த அதே தராசுதான் வன்னியாராச்சியிடமிருந்து தங்கத்தை எடுத்தது. முன்னையதை வரவேற்போர் பின்னையதையும் ஏற்றாக வேண்டும்.

தராசும் பிழைக்கலாம். 2015 டிசம்பரில் துடுப்பாட்ட வீரர் குசல் பெரேரா, கட்டார் ஆய்வுகூடத்தின் முடிவொன்றால் இடைநிறுத்தப்பட்டார். முடிவு நிலைநிற்கவில்லை, 2016 மே மாதம் குற்றச்சாட்டுக் கைவிடப்பட்டது. இடையில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணம் அவருக்குக் கைநழுவிப் போயிற்று. டில்லி ஆய்வுகூடமும் 2019 ஓகஸ்டில் இடைநிறுத்தப்பட்டு, 2021 டிசம்பரிலேயே அங்கீகாரத்தை மீளப் பெற்றது. காவலனையும் காவல் செய்ய ஆள் வேண்டும் என்பதற்கு இவை சான்றுகள்.

இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தேசிய முகவரகத்துக்குச் சட்ட வலுவளித்தது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் உலகெங்கும் ஏறத்தாழ முப்பதே. இலங்கையில் ஒன்றும் இல்லாமையால், மாதிரிகள் கடல் கடந்தே போகவேண்டியுள்ளது. ஆகவே அயலாருடன் ஒத்துழைப்பது நமக்குத் தவிர்க்கவியலாத தேவை. 2023 ஜூலையில் தெற்காசியப் பிராந்திய அமைப்பும் இந்திய முகவரகமும் புதுடில்லியில் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டமை இவ்வழியில் ஒரு படி.

ஆனால் ஒப்பந்தங்கள் தலைநகரங்களில் கைச்சாத்தாகின்றன. தவறுகள் ஊர்களில் நிகழ்கின்றன. உடலில் மருந்து இருந்தது நிரூபிக்கப்பட்டாற் போதும், அறியாமல் உட்கொண்டேன் என்பது விடுதலை தராது. 2011இல் உபுல் தரங்க மூன்று மாதத் தடைக்கு ஆளானார். தோள் உபாதைக்குப் பாவித்த மூலிகை மருந்தே வினையானது என்பது அவர் தரப்பு விளக்கம். முறிவு நெரிவுக்கு நாட்டு வைத்தியரை நாடுவதும், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் புரதத் தூளை நம்பி உட்கொள்வதும் நமது வழக்கம். எண்ணெயில் என்ன காய்ச்சப்பட்டது, தூளில் என்ன கலந்தது என எவரும் கேட்பதில்லை. தடைப்பட்டியலோ ஆண்டுதோறும் ஜனவரி முதலாந் திகதி புதுப்பிக்கப்படுகிறது.

யுத்தத்தால் மைதானங்களை இழந்து, ஒரு தலைமுறை வீரர்களை இழந்து மீண்ட மண் இது. இங்கிருந்து புறப்படும் பிள்ளை அறியாமையால் நான்காண்டுத் தடை பெறுவாளாயின், அவளை மீட்க எந்த முகவரகமும் வராது. பட்டியலை எளிய தமிழில் பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் கொண்டுசேர்ப்பதும், வைத்தியரிடம் தாம் போட்டியாளர் என்று சொல்லும் பழக்கத்தை ஊட்டுவதும் பயிற்சியாளரின் கடமைகள். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் பந்தும் சப்பாத்தும் அனுப்புவதுடன் இதனையும் கவனத்திற் கொள்ளல் நன்று. வெளியே நிற்கும் காவலன் திருடனைப் பிடிப்பான். அறியாத பிள்ளை திருடனாகாமற் காப்பது ஊரின் பொறுப்பு.